கப்பல்ல சார்ட்டும் புக்கும்: சட்டம் என்ன கேக்குது, இன்ஸ்பெக்டர் என்ன பாக்காரு

ஓரல்ஸுக்கு, அதாவது கப்பல் ஆபீசர் ஆகுறதுக்கான வாய்மொழித் தேர்வுக்கு, படிக்கிற நம்ம மாவட்டத்துப் பசங்க எங்கிட்ட அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு. அண்ணா, கப்பல்ல என்னென்ன பப்ளிகேஷன் இருக்கணும், ஒரு லிஸ்ட் அனுப்புங்கன்னு. லிஸ்ட் அனுப்ப எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல, ஆனா அதை மனப்பாடம் பண்ணி அங்க போய் ஒப்பிச்சீங்கன்னா தேர்வு எடுக்கிற சர்வேயர் அடுத்த கேள்வியிலயே பிடிச்சிருவாரு, "சரி தம்பி, புக்கு இருக்கு, அது செல்லுமா செல்லாதான்னு எப்படிச் சொல்லுவ"ன்னு. அந்த ரெண்டாவது கேள்விக்குத்தான் இந்தப் பதிவு. குளச்சல் பக்கம் இருந்து கப்பலுக்குப் போய் இப்ப செகண்ட் மேட்டா, அதாவது கேப்டனுக்குக் கீழ உள்ள ஆபீசர்கள்ல ஒருத்தனா இருக்கேன், சார்ட்டு, அதாவது கடல் வரைபடம் வைக்கிற சார்ட் ரூம் எனக்க பொறுப்பு, அதனால படிச்சதையும் பட்டதையும் சேர்த்தே எழுதுறேன்.

மொதல்ல சட்டம். பயப்படுற அளவுக்கு நீளம் இல்ல. சோலாஸ்னு ஒரு சர்வதேசக் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம், அதுல அஞ்சாவது சாப்டர், 19-ஆவது ரெகுலேஷன். கப்பல் எந்த சைஸா இருந்தாலும், போகப்போற பாதைய ப்ளான் பண்ணவும், அதைக் காட்டவும், போற வழி முழுக்க பொசிஷன் போட்டுப் பாக்கவும் சார்ட்டும் பப்ளிகேஷனும் இருக்கணும்னு அது சொல்லுது. அப்புறம் 27-ஆவது ரெகுலேஷன். செய்லிங் டைரக்ஷன்ஸ் (கடல்வழிக் குறிப்பு), லிஸ்ட் ஆஃப் லைட்ஸ் (விளக்குகளோட பட்டியல்), நோட்டீஸ் டு மரினர்ஸ் (சார்ட்டுக்கும் புக்குக்கும் வர்ற திருத்தம்), டைட் டேபிள்ஸ் (கடல் ஏத்த இறக்க அட்டவணை)னு பேரைச் சொல்லி, இந்த வாயேஜுக்கு வேண்டிய மத்த எல்லாப் பப்ளிகேஷனும் போதுமானதாவும் அப்டுடேட்டாவும் இருக்கணும்னு முடிக்கும். கவனிச்சீங்களா, "இந்த வாயேஜுக்கு". அதனாலதான் எல்லாக் கப்பலுக்கும் பொருந்துற மாதிரி ஒரே லிஸ்ட்டு யாராலயும் தர முடியாது. கொச்சியிலேருந்து கொழும்பு போற கப்பலுக்கும் கொழும்புலேருந்து ஆஸ்திரேலியா போற கப்பலுக்கும் லிஸ்ட்டு வேற வேற.

இன்னொண்ணு, எதைச் சார்ட்டுன்னு ஒத்துக்கிடுவாங்கன்னு ரெண்டாவது ரெகுலேஷன்லயே இருக்கு. ஒரு அரசாங்கமோ, அதோட அனுமதி பெற்ற ஹைட்ரோகிராஃபிக் ஆபீஸோ வெளியிட்டதா இருக்கணும். நம்ம நாட்டுக்கு அது டேராடூன்ல இருக்க ஹைட்ரோகிராஃபிக் ஆபீஸ், பிரிட்டனுக்கு யூகேஹெச்ஓ, அதான் நாம அட்மிரால்டி சார்ட்டுன்னு சொல்றது. கடையில விக்கிற ஜிபிஎஸ் ப்ளாட்டர்ல வர்ற மேப்பு பாக்க எவ்வளவு அழகா இருந்தாலும், சட்டத்துக்கு முன்னால அது சார்ட் இல்ல.

இனி நான் பட்ட கதை. ஒரு பல்க் கேரியர்ல கொழும்புல ஏறுனேன், அடுத்த போர்ட் மேற்கு ஆஸ்திரேலியா. எக்டிஸ், அதாவது சார்ட்ட திரையில காட்டுற கம்ப்யூட்டர் ஒண்ணு, பேக்கப்புக்கு பேப்பர் சார்ட் ஃபோலியோ, அதாவது சார்ட்டுக் கட்டு, அப்படி ஓடுன கப்பல். எனக்கு முன்னால இருந்த செகண்ட் மேட்டுக்கு அன்னைக்கு சாயங்காலமே ஃபிளைட், மனுசன் பெட்டியக் கட்டி கேங்வேக்குப் பக்கத்துல வச்சிட்டுத்தான் எனக்கு ஹேண்டோவர் குடுத்தாரு. ட்ராயரைத் திறந்தா வீக்லி நோட்டீஸ் பிரிண்ட் எடுத்தது கட்டு கட்டா ரப்பர் பேண்ட் போட்டு அப்படியே கெடக்கு. கரெக்ஷன் லாக்ல நம்பரெல்லாம் எழுதியிருக்கு, ஆனா சார்ட்ட எடுத்துப் பாத்தா அதுல ஒண்ணும் இல்ல. லாக்ல டிக்கு, சார்ட்ல வெறுமை. இதுதான் இருக்கதுலயே மோசமான நெலம, ஏன்னா லாக் காலியா கெடந்தா பாக்கி இருக்குன்னு அடுத்தவனுக்குத் தெரியும், டிக் போட்டு வச்சா நம்பிருவான்.

அந்த நேரத்துல அவர்கிட்ட சண்டை போட்டு பிரயோஜனம் இல்ல. நான் செஞ்சது, ஹேண்டோவர் நோட்ல எந்த வீக் நம்பர்லேருந்து எது வரைக்கும் பாக்கின்னு எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம், அவரு இறங்குறதுக்கு முன்னாலயே கேப்டன்கிட்ட காட்டினோம். கேப்டன் நல்ல மனுசன், கத்தல. "மொதல்ல இந்த வாயேஜுக்கு வேண்டியத எடு, அதை முடிச்சாத்தான் லைன் அவுப்போம், மத்தது போற வழியில பாத்துக்கலாம்"னாரு. அதுதான் சரியான வரிசை. சில பேரு ஃபோலியோவுல ஒண்ணாம் நம்பர்லேருந்து ஆரம்பிப்பாங்க, ரெண்டு நாளா திருத்துவாங்க, கப்பல் போகாத கடலெல்லாம் சுத்தமா இருக்கும், நாளைக்குப் போகப்போற சேனல் அப்படியே கெடக்கும்.

திருத்துறது எப்படின்னு புதுசா வர்ற பசங்களுக்குச் சொல்றேன், ஏன்னா காலேஜ்ல ஒரு தடவ காட்டிட்டு விட்டுருவாங்க. மெல்லிசு முனை உள்ள மஜெண்டா மை பேனா. பழைய ஆழத்த நீக்கணும்னா அதும்மேல ஒரே ஒரு கோடு, அவ்வளவுதான், சுரண்டக் கூடாது, வைட்னர் தொடவே கூடாது, அடியில என்ன இருந்துச்சுன்னு எப்பவும் படிக்க முடியணும். புதுசா வர்றத அது இருக்க வேண்டிய எடத்துலயே போடணும், எடம் பத்தலன்னா பக்கத்துல வெறும் தண்ணியா இருக்க எடத்துல எழுதி அம்புக்குறி. பிளாக், அதாவது சார்ட்ல ஒட்டச் சொல்லி அச்சடிச்ச துண்டு வந்தா வெட்டி ஒட்டணும், ஒட்டுறதுக்கு முன்னால சுத்தி இருக்க கோடெல்லாம் சேருதான்னு பாக்கணும். எல்லாம் முடிஞ்ச பெறகு சார்ட்டோட கீழ் இடது மூலையில வருஷமும் நோட்டீஸ் நம்பரும் எழுதணும். இந்த மூலைதான் சார்ட்டோட பிறப்புச் சான்றிதழ் மாதிரி, இன்ஸ்பெக்டர் மொதல்ல கண்ணு வைக்கிற எடம்.

இதுல ஒரு சின்ன விஷயம் இருக்கு, நெறைய பேரு கவனிக்கிறதில்ல. ஒவ்வொரு நோட்டீஸ்லயும் அந்த சார்ட்டுக்கு இதுக்கு முந்தின கரெக்ஷன் நம்பர் என்னன்னு போட்டுருப்பான். மூலையில கடைசியா எழுதியிருக்க நம்பரும் அதுவும் ஒண்ணா இருந்தா சங்கிலி அறுபடல. வேற நம்பரா இருந்தா நடுவுல ஒண்ணு விட்டுப் போச்சு, தேடணும். கொழும்புல நான் லாக்க மூடி வச்சிட்டு இதை வச்சுத்தான் ஒவ்வொரு சார்ட்டா பின்னால போனேன். எங்க வரைக்கும் போகணும்னு சந்தேகம் வந்தா ஆறு மாசத்துக்கு ஒருக்கா வர்ற க்யூமுலேட்டிவ் லிஸ்ட் இருக்கு, எந்த எடிஷன் இப்ப செல்லும், ரெண்டு வருஷத்துல என்னென்ன கரெக்ஷன் வந்துருக்குன்னு அதுல இருக்கும். எடிஷனே பழசா இருந்தா நீங்க எவ்வளவு அழகா திருத்தினாலும் அது செல்லாது, புதுசு வாங்கணும், அதுக்கு மொதல்லயே ஏஜென்ட்டுக்கு மெயில் போடணும். கேடட் தம்பி ஒருத்தன் ராத்திரி முழுக்க எங்கூட உக்காந்து நோட்டீஸ படிச்சுக் குடுத்தான், நான் போட்டேன், அப்புறம் நான் போட்டத அவனும் அவன் போட்டத நானும் சரி பாத்தோம். திருத்துற ஆளு ஒருத்தர், சரி பாக்குற ஆளு இன்னொருத்தர், எப்பவும் அப்படி வச்சுக்கோங்க.

ஆஸ்திரேலியாவுல போர்ட் ஸ்டேட் கன்ட்ரோல், அதாவது வர்ற வெளிநாட்டுக் கப்பல சோதிக்கிறவங்க வருவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும், அங்க உள்ள கடல் பாதுகாப்பு ஆணையம் அம்சா ரொம்ப கறார். வந்த இன்ஸ்பெக்டர் அம்மா என்னென்ன புக்கு இருக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. ஒரு வீக்லி நோட்டீஸ எடுத்தாங்க, அந்தத் துறைமுகத்தோட அப்ரோச் சார்ட்டுக்கு வந்த நோட்டீஸ் ஒண்ணத் தேடி, "இந்த சார்ட்ட எடுங்க"ன்னாங்க. மூலையப் பாத்தாங்க, நம்பர் இருந்துச்சு. அதோட விடல, டிவைடரை வாங்கி நோட்டீஸ்ல இருந்த லாட்டிட்யூட் லாங்கிட்யூட வச்சு அதுல சொன்ன போயாவ (மிதவைய) சரியான எடத்துலதான் போட்டுருக்கோமான்னு அளந்தாங்க. அப்புறம் லிஸ்ட் ஆஃப் லைட்ஸ்ல ஒரு லைட்டு. அப்புறம் டி அண்ட் பி ஃபைல். அப்புறம் எக்டிஸ்ல அப்டேட் ஸ்டேட்டஸ் ரிப்போர்ட் காட்டச் சொன்னாங்க, கடைசியா பாஸேஜ் ப்ளான் (பயணப் பாதைத் திட்டம்), கெளம்புற பெர்த்துலேருந்து சேர்ற பெர்த்து (கப்பல் கட்டுற மேடை) வரைக்கும் இருக்கான்னு. ரொம்ப நேரம் எடுக்கல. ஒண்ணு ரெண்டைத்தான் பாக்காங்க, ஆனா அடி வரைக்கும் பாக்காங்க. ஒரு குறையும் எழுதாம போனாங்க, கேப்டன் அந்தக் கேடட் பையனக் கூப்பிட்டு கையக் குடுத்தாரு, அது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

டி அண்ட் பின்னு சொன்னேன்ல, அத தனியா சொல்லியே ஆகணும். டெம்பரரி, ப்ரிலிமினரி நோட்டீஸ், அதாவது தற்காலிகமா வர்றதும் முன்கூட்டியே வர்றதும். இதை மஜெண்டாவுல போடக் கூடாது, பென்சில். பென்சில்தானேன்னு நெனச்சுத்தான் நெறைய கப்பல்ல இதை விட்டுருவாங்க. சிஎம்ஏ சிஜிஎம் லிப்ரான்னு ஒரு கன்டெய்னர் கப்பல், 2011 மே மாசம் சீனாவுல ஷியாமென் துறைமுகத்தை விட்டு வெளிய வரும்போது போயா போட்ட சேனலுக்கு வெளிய போய் தரை தட்டிருச்சு. சார்ட்ல அந்த எடத்துல ஆழம் போதும்னுதான் இருந்துச்சு. ஆனா சார்ட்ல இருக்கதை விட ஆழம் கம்மியான எடங்கள் அங்க நெறைய இருக்குன்னு 2010-லயே ஒரு ப்ரிலிமினரி நோட்டீஸ் வந்துருந்துச்சு. அந்த எச்சரிக்கைய சார்ட்லயும் குறிக்கல, பாஸேஜ் ப்ளான்லயும் எழுதல. கேஸு வருஷக்கணக்கா நடந்து பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2021 நவம்பர்ல தீர்ப்பு சொல்லுச்சு. பாஸேஜ் ப்ளான் குறையா இருந்ததால கப்பல் கெளம்பும்போதே கடலுக்குப் போகத் தகுதியில்லாத நெலமையில இருந்துச்சுன்னு. இஞ்சின் நல்லா இருக்கு, ஓட்டை ஒடசல் இல்ல, ஆளெல்லாம் சர்டிஃபிகேட் உள்ளவங்க, ஆனாலும் கப்பல் தகுதி இல்ல, ஏன்னா ஒரு பென்சில் குறிப்பு இல்ல. கப்பலை மீட்ட செலவுல, பணம் தர மறுத்த சரக்குக்காரங்க பங்க ஓனரால வாங்க முடியல. எங்கூட வர்ற கேடட் எல்லாருக்கும் இந்தக் கதைய நான் சொல்லிருவேன், சொல்லிட்டுத்தான் பென்சிலக் கையில குடுப்பேன்.

இப்ப எல்லாம் எக்டிஸ்தானே, பேப்பர் எதுக்குன்னு கேப்பீங்க. சரிதான், 2012 ஜூலைலேருந்து 2018 ஜூலை வரைக்கும் படிப்படியா பெரிய கப்பல்களுக்கு எக்டிஸ கட்டாயமாக்கிட்டாங்க, ரெண்டு எக்டிஸ் வச்சு பேப்பரே இல்லாம ஓடுற கப்பல்தான் இப்ப அதிகம். பேப்பர் சார்ட் அச்சடிக்கறத 2026-ஓட நிறுத்தப் போறதா யூகேஹெச்ஓ 2022-ல சொன்னாங்க, பெறகு குறைஞ்சது 2030 வரைக்கும்னு தள்ளி வச்சிருக்காங்க. ஆனா மெஷின் மாறுனாலும் 27-ஆவது ரெகுலேஷன் மாறல, போதுமானதா, அப்டுடேட்டா, அதே ரெண்டு கேள்வி. எக்டிஸ்ல போட்டுருக்க இஎன்சி (எலெக்ட்ரானிக் சார்ட்) அரசாங்க ஆபீஸ் வெளியிட்டதா இருக்கணும், பெர்மிட் காலாவதி ஆகியிருக்கக் கூடாது, வாராவாரம் அப்டேட் ஏறியிருக்கணும், ஒண்ணு செத்துப் போனா பேக்கப் இருக்கணும், அந்த பேக்கப்பும் அப்டேட்டா இருக்கணும். ரெண்டாவது எக்டிஸ்ல அப்டேட் போட மறக்கிறது நெறைய நடக்கு.

"போதுமானது"ங்கிற வார்த்தைக்கு வாகாஷியோ கப்பல நெனச்சுக்கோங்க. 2020 ஜூலை 25, மொரிஷியஸ் கரையில பவளப்பாறையில ஏறி, ஆயிரம் டன் கணக்குல எண்ணெய் கொட்டி அந்தத் தீவையே நாசம் பண்ணுச்சு. கப்பல்ல உள்ளவங்களுக்கு போன் சிக்னல் கெடைக்கட்டும்னு கரைக்குப் பக்கத்துல பாதைய மாத்துனாங்கன்னு எல்லாரும் பேசுனாங்க. அதிகமா பேசப்படாத விஷயம், கரைக்கு அவ்வளவு பக்கத்துல போறதுக்கு வேண்டிய, நெருக்கமா விவரம் காட்டுற பெரிய ஸ்கேல் சார்ட் அவங்ககிட்ட இல்ல. தூரத்துல போறதுக்கான சின்ன ஸ்கேல் சார்ட்ட வச்சுத்தான் கரையோட தூரத்தையும் ஆழத்தையும் பாத்துருக்காங்க. சார்ட் இருந்துச்சு, அந்தப் பாதைக்குப் போதுமான சார்ட் இல்ல. அதனால பாதைய மாத்தணும்னு யாரு சொன்னாலும், அந்தப் புதுப் பாதைக்கு சரியான ஸ்கேல் செல் (எலெக்ட்ரானிக் சார்ட்ல ஒரு துண்டு) லோட் ஆகியிருக்கான்னு பாக்காம செகண்ட் மேட் தலையாட்டக் கூடாது. கூடவே அந்த எடத்தோட கேட்ஸாக்கையும், அதாவது சர்வேய எவ்வளவு நம்பலாம்னு குடுத்திருக்க தரத்தையும் பாருங்க. ஏ1-ன்னா பொசிஷன் அஞ்சு மீட்டருக்குள்ள நம்பலாம், சி-ன்னு வந்தா ஐநூறு மீட்டர் வரைக்கும் தப்பா இருக்கலாம். திரையில கோடு எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி தெளிவாத்தான் தெரியும், அதைப் போட்ட சர்வே அவ்வளவு தெளிவா இருந்திருக்கணும்னு இல்ல.

புக்குகளைப் பத்தி சுருக்கமா முடிச்சிடுறேன். நம்ம மேக்குக் கரைக்கு வெஸ்ட் கோஸ்ட் ஆஃப் இந்தியா பைலட் (செய்லிங் டைரக்ஷன்ஸ் புக்கோட பேரு), கிழக்குப் பக்கம் பே ஆஃப் பெங்கால் பைலட், லிஸ்ட் ஆஃப் லைட்ஸ், ரேடியோ சிக்னல்ஸ், டைட் டேபிள்ஸ், இதெல்லாம் டிஜிட்டலா வச்சுக்கலாம், ஆனா உங்க கப்பலோட கொடி நாடு அதை ஒத்துக்கிட்டதுக்கு பேப்பர் இருக்கணும், கம்ப்யூட்டர் ஒண்ணு போனா இன்னொண்ணுல தெறக்கணும். இன்டர்நேஷனல் கோட் ஆஃப் சிக்னல்ஸும், தேடல் மீட்புக் கையேடான ஐயாம்சாரோட மூணாவது வால்யூமும் 21-ஆவது ரெகுலேஷன்ல தனியா இருக்கு, லிஸ்ட் சொல்லும்போது பசங்க விடுறது பெரும்பாலும் இதைத்தான். அந்த மூணாவது வால்யூம் பழைய எடிஷனா இருக்கான்னு பாருங்க, அலமாரியில தூசி பிடிச்சு கெடக்கிற புக்கு அது.

லீவுக்கு வந்தா இதையெல்லாம் சின்னத்துறையில எனக்க மாமாகிட்ட பேசுவேன். அவரு தங்கல் போட், அதாவது நாள்கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்கிற படகு வச்சு ஆழ்கடலுக்குப் போறவரு. நம்ம தூத்தூர் பக்கத்து ஆளுக சுறாவுக்கும் சூரைக்கும் எவ்வளவு தூரம் போவாங்கன்னு எல்லாருக்கும் தெரியும். "லே மக்கா, கப்பல்காரனுக்கு இம்புட்டு சட்டம் இருக்கே, எங்களுக்கு என்னலே இருக்கு"ன்னு கேட்டாரு. நியாயமான கேள்வி. சோலாஸ்ல அந்த 19, 27 எல்லாம் மீன்பிடி படகுக்கு எந்த அளவுக்குப் பொருந்தும்னு அந்தந்த நாட்டு அரசாங்கமே முடிவு பண்ணலாம்னு மொத ரெகுலேஷன்லயே விட்டுருக்கு. "மாமா, உங்க ப்ளாட்டர்ல உள்ளது எந்த வருஷத்து மேப்புன்னு பாத்துருக்கீங்களா"ன்னு கேட்டேன். வாங்குன நாள்லேருந்து ஒரு அப்டேட்டும் போடல.

இது இப்ப நம்ம கடல்ல ரொம்ப முக்கியம். விழிஞ்ஞம் துறைமுகம் பக்கத்துலயே வந்தாச்சு, 2024 ஜூலைல மொத பெரிய கன்டெய்னர் கப்பல் வந்துச்சு, போக்குவரத்து கூடிக்கிட்டே இருக்கு. 2020 ஆகஸ்ட்லேருந்து தென்மேக்குக் கடல்ல வணிகக் கப்பலுக்கும் மீன்பிடி படகுக்கும் தனித்தனியா பாதை பிரிச்சு உத்தரவு போட்டுருக்காங்க, அது எந்த எடம்னு போட்டுல உள்ளவங்களுக்கும் தெரியணும். 2025 மே மாசம் விழிஞ்ஞத்துலேருந்து கொச்சிக்குப் போன எம்எஸ்சி எல்சா 3 மூழ்கி, கன்டெய்னரும் பிளாஸ்டிக் குருணையும் நம்ம மாவட்டத்துக் கரையிலயும் வந்து ஒதுங்குனத எல்லாரும் பாத்தோம். கடலுக்கடியில ஒரு கப்பல் புதுசா கெடந்தா வலை போடுறவனுக்கும் அது ஆபத்து. இந்த மாதிரி சமாச்சாரம் மொதல்ல நேவ்ஏரியா எச்சரிக்கையா, அதாவது உலகக் கடலைப் பகுதி பகுதியா பிரிச்சுக் குடுக்கிற எச்சரிக்கையா வரும். நம்ம பகுதி நேவ்ஏரியா 8, அதுக்குப் பொறுப்பே இந்தியாதான், டேராடூன் ஆபீஸ். அப்புறம் நோட்டீஸ் டு மரினர்ஸ்ல வரும், இந்திய நோட்டீஸ் பதினஞ்சு நாளுக்கு ஒருக்கா வெளியாகுது, அவங்க வெப்சைட்லயே காசு இல்லாம இறக்கிக்கலாம். முட்டம் லைட்ஹவுஸோட லைட்டுல ஒரு மாத்தம்னாலும் இதுலதான் வரும்.

ஒக்கி புயல் சமயத்துல தூரக் கடல்ல நின்ன நம்ம ஆளுகளுக்குத் தகவல் போய்ச் சேரலன்னு இன்னைக்கும் தூத்தூர்ல பேசும்போது தொண்ட அடைக்குது. கப்பல்ல சேட்டிலைட் வழியா எச்சரிக்கை வாங்குற கருவி இருந்தே ஆகணும்னு சட்டம் இருக்கு. அதே தூரம் போற நம்ம போட்டுக்கும் அந்த அளவு பாதுகாப்பு வேணும்னு நாம கேக்கணும், கப்பல்ல இருக்க நாமதான் அதை வெவரமா எடுத்துச் சொல்லவும் முடியும்.

இப்போதைக்கு நாங்க செய்யுறது இதுதான். மாமா கடலுக்குக் கெளம்புறதுக்கு முன்னால, நான் ஊர்ல இருந்தா நானும், இல்லன்னா டிப்ளமோ முடிச்ச எனக்க தம்பியும், கடைசியா வந்த இந்திய நோட்டீஸையும் நேவ்ஏரியா 8 எச்சரிக்கையையும் இறக்கி, அவரு போற பகுதியில உள்ளத மட்டும் தமிழ்ல ஒரு தாள்ல எழுதுவோம், பொசிஷனோட. எல்சா கெடக்கிற எடம், துப்பாக்கிப் பயிற்சி நடக்கிற எடமும் நாளும், எரியாம கெடக்கிற லைட்டு, அவ்வளவுதான். தம்பி அந்தப் பொசிஷனை ப்ளாட்டர்ல மார்க் பண்ணிக் குடுப்பான், தாள பிளாஸ்டிக் கவர்ல போட்டு வீல்ஹவுஸ்ல ஒட்டிருவாங்க. பக்கத்து போட்டுக்காரங்களும் இப்ப போட்டோ எடுத்துட்டுப் போறாங்க. உங்க ஊர்லயும் மேட்டா, கேடட்டா யாராவது லீவுல இருந்தா இதைச் செஞ்சு குடுக்கச் சொல்லுங்க. எந்தப் பகுதி எச்சரிக்கைய எங்க பாக்கணும், அந்தத் தாள எப்படி எழுதணும்னு சந்தேகம் இருந்தா எங்கிட்ட கேளுங்க, கப்பல்ல இருந்தாலும் நெட் கெடைக்கும்போது பதில் போடுவேன்.